முந்தினவர் எடை

மார்ச் 4, செவ்வாய்
டயாலிசிஸ் நாற்காலியிலேயே அப்பா மயங்கிவிட்டார். உடம்பிலிருந்து தண்ணீரை அளவுக்கு மேல் இழுத்துவிட்டதாம் மெஷின். காலையில் வற்புறுத்திச் சாப்பிட வைக்கவில்லையே என்று அம்மா தன்னையே நொந்துகொள்கிறாள். ஆளின் எடையை வைத்து எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் கம்பெனி புரோகிராம்.

மார்ச் 5
நேற்றைய பதிவுகளை வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் எடை இருக்க வேண்டிய இடம் காலி. அவசரத்தில் நர்ஸ் விட்டிருக்கிறாள். சரி, காலியென்றால் கணக்கு எங்கிருந்து வந்தது? நாளை அவருக்கு மறுபடி முறை. எடையை நேரில் பாருங்கள் என்று டயாலிசிஸ் மையத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன்.

மார்ச் 6
கண்டுபிடித்துவிட்டேன்.
ஒவ்வொருவராகக் கணக்குப் போட்டுச் சுற்றும் லூப்புக்கு வெளியே, எடையை வைத்துக்கொள்ள 'எடை' என்று ஒரே ஒரு வேரியபிள். வரிசையில் வருகிற ஒவ்வொருவரின் எடையும் முந்தினதை அழித்துவிட்டு அதே இடத்தில் உட்காரும். அப்பாவுக்கு எடையே வரவில்லை, அதனால் முந்தினவருடையது அப்படியே நின்றுவிட்டது. அவர் கனத்த மனிதர். அடப்பாவி, அவருடைய தண்ணீரையா என் அப்பாவிடம் எடுத்தாய்?

மார்ச் 7
அதை எழுதியது டீம் லீடர். நாங்கள் வைத்த பெயர் பெரிசு. காட்டினேன். முகம் வெளுத்தது, வாய் மட்டும் குறையவில்லை.
"ஒரு வரிதானே. ஒவ்வொருத்தருக்கும் முன்னாடி எடையைப் பூஜ்யமாக்கிடு, இன்னிக்கே அனுப்பிடலாம்."
"எடை பூஜ்யம்னா அது யாரு சார், பேயா?"
கோபம் வந்தால் எனக்கு முதலில் போவது மரியாதை. மொத்தமாக மாற்ற திங்கள் வரை கொடுத்தார். அதுவரை எல்லா மையங்களிலும் கையால் கணக்குப் போடச் சொல்லி அவரையே மெயில் அனுப்ப வைத்தேன்.

மார்ச் 9
லூப்பைத் தூக்கி எறிந்தேன். அழித்து அழித்து எழுதும் இடமே இனி கிடையாது. ஒரு சின்ன ஃபங்ஷன் — ஒருவரின் விவரம் உள்ளே போகும், அவருடைய விடை மட்டும் வெளியே வரும். வரிசையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அது ஓடி, விடைகள் புது வரிசையாக நிற்கும். பழைய வரிசையைத் தொடுவதில்லை. முன்னால் வந்தவர் யாரென்று அதற்குத் தெரியவே தெரியாது. எடை இல்லையா, விடையும் இல்லை: 'மறுபடி எடை போடவும்.'
இவ்வளவுதானா? இதற்கா அப்பா —
அழுதேன்.

மார்ச் 10
பெரிசு வரிசையைக் கலைத்துக் கலைத்து ஓட்டிப் பார்த்தார். ஒருவருக்கும் விடை மாறவில்லை. நல்லாருக்கு என்றார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது.

மார்ச் 11
இன்று புதியது ஓடுகிறது. வேலை ஓடவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவே கூப்பிட்டார். நாற்காலியில் சாய்ந்தவரை எழுப்பி மறுபடி எடை மெஷினில் நிறுத்தினார்களாம். ஸ்க்ரீன் கேட்டதாம்.
"எந்த மடையன் எழுதினானோ, முடியாத மனுஷனைப் போட்டு அலைக்கழிக்கிறான்."
"ஆமாம்ப்பா," என்றேன்.
மேலும் திட்டினார். குரல் நல்ல தெம்பாக இருந்தது.