அளவெடுக்காத சட்டை

மார்ச் 4
வீடு வந்து சேர்ந்தேன். பெரியப்பா தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டு, "நம்ம சிப்பாய் வந்துட்டான்!" என்று மருந்துக்கடைவரை கேட்கும்படி சத்தம் போட்டார். அம்மா என் முகத்தைத் தடவிப் பார்த்தார். அப்பா தையல் மெஷினை விட்டு எழவில்லை. புதுச் சட்டை ஒன்றை நீட்டினார். நான் வருவதற்கு முன்பே தைத்துவிட்டாராம்.

"அளவு?" என்றேன்.

"என் பிள்ளை அளவு எனக்குத் தெரியாதா?"

தோளில் பிடித்தது. அக்குளில் இறுக்கியது. பிரமாதம்ப்பா என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 6
பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "எப்ப திரும்பிப் போற?" அங்கே எப்படி இருந்தாய் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மார்ச் 7
காலையில் பழக்கதோஷத்தில் போர்வையை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து வைத்தேன். "விருந்தாளி மாதிரி பண்றியே" என்று அம்மா சிரித்தார். விருந்தாளிதானோ?

மார்ச் 9
சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். ஒப்பந்தம் முடிந்தது, மறுபடி கையெழுத்துப் போடவில்லை, இனிப் போக மாட்டேன்.

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாதான் குதித்தார். "லீவுல வந்திருக்கான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்டா! என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது? இங்க இருந்து என்ன கிழிக்கப் போற? காஜா போடப் போறியா?"

பொத்தான் துளையைச் சுற்றித் தைக்கிற வேலை அது. அப்பாவும் பெரியப்பாவும் நடத்துகிற தையல் கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பது.

"போடுறேன்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். கிண்டல் என்று நினைத்துக் கையை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

மார்ச் 10
வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா மட்டும் தூது போகிறார், பாவம்.

மார்ச் 12
கடைக்குச் சீருடை ஆர்டர் தருகிற தலைமையாசிரியரைப் பெரியப்பா வீட்டுக்கு அழைத்து வந்தார், என்னைக் காட்டத்தான். ராணுவ உடுப்பைப் போடச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அப்பா தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டேன். பரணிலிருந்து போட்டோ ஆல்பத்தை எடுக்கக் கையைத் தூக்கினேன். சர்ரென்று கிழிந்தது, தோளிலிருந்து அக்குள்வரை.

"தையக்காரர் வீட்டுலயே இப்படியா?" என்று தலைமையாசிரியர் சிரித்தார்.

"அங்க உக்காந்து தின்னு கொழுத்துட்டான் சார்" என்றார் பெரியப்பா.

தாங்க முடியவில்லை. "கொழுக்கல பெரியப்பா! மூட்டை சுமந்து சுமந்து தோளு இப்படி ஆயிடுச்சு. போனவன் வேற, வந்தவன் வேற. யாராச்சும் என்னை ஒரு தடவை அளந்து பாத்தீங்களா?"

தலைமையாசிரியர் பாதிக் காப்பியோடு எழுந்து போய்விட்டார். அப்பா கையை நீட்டினார். சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

கத்தியிருக்கக் கூடாது. ஆனா வேற எப்படிச் சொல்றது? கூடாரத்துல முகம் தெரியாதவங்களோட படுத்துக் கிடந்தப்பகூட இவ்வளவு தனியா இல்ல. ஏன்டா வந்தோம்னு இருக்கு.

மார்ச் 13
மழை. பையில் துணிகளை அடுக்கினேன். எங்கே போக? தெரியவில்லை.

மார்ச் 15
அப்பா கடைக்கு வரச் சொன்னதாக அம்மா சொன்னார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன்.

அப்பா கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார். "நில்லு." என்னையறியாமல் விறைத்து நின்றேன். "அப்படி இல்லடா. சும்மா நில்லு."

தோளை அளந்தார். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். "தெரியாமப் போச்சேடா எனக்கு" என்றார் மெதுவாக. பிறகு குரலை உயர்த்தி, "தோள் பத்தொன்பது!"

அளவெடுக்கிறவர் சொன்னதை வெட்டுகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அது வராமல் எங்கள் கடையில் கத்தரி துணியைத் தொடாது. வெட்டுமேசையில் பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அப்பா விடவில்லை. "தோள் பத்தொன்பது!"

"பத்தொன்பது, பத்தொன்பது. காது கேக்குது" என்றார் பெரியப்பா கடுப்போடு.

மார்பு, கழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, பெரியப்பாவும் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். கையை அளக்கும்போது அப்பா நிமிராமல் கேட்டார்.

"மூட்டை ரொம்ப கனமாடா?"

"ஆமாம்ப்பா" என்றேன். "ரொம்ப கனம்."