கிளட்சில் ஊற்றிய கேஜ் எண்ணெய்

மாரிகுப்பம்
12.2.68

என் அன்புள்ள மாமாவுக்கு, ரத்தினம்மா வணங்கி எழுதுவது. நானும் பிள்ளைகளும் சௌக்கியம். உங்கள் இருமல் குறைந்திருக்கும், நன்றாகத் தூங்குவீர்கள் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று பெங்களூர் டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ரயில் கூட்டத்தில் இடிபட வைத்துக் கூட்டிப் போகக் கூடாது என்றும் சொன்னாரே, அதுதான் கவலையாக இருந்தது. நம் பழைய காரோ வாசலில் கோழிகளுக்கு நிழலாக நின்றது. மிதித்தால் கிளட்ச் பெடல் கீழேயே படுத்துக்கொண்டது, கியர் விழ மாட்டேன் என்றது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். கோபப்படாமல் படியுங்கள், கோபப்பட்டால் இருமல் வரும். ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் ராணி வீட்டுக் கதவைத் தட்டினேன். உங்கள் தங்கை வேதக்காரரை, சர்ச்சுக்குப் போகிறவரைக் கட்டிக்கொண்டதிலிருந்து அந்தப் பக்கம் நீங்கள் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் அவள் புருஷன் சகாயம் தம்பி என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப் சட்டையோடே பஸ் ஏறிவிட்டார். ராணியும் கூட வந்தாள்.

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். கியர்பெட்டி ஓரத்துச் சின்ன சிலிண்டரில் ரப்பர் தேய்ந்து எண்ணெய் கசிந்திருந்தது. முதலில் பெடல் தளர்ந்தது அதனால்தானாம். பிறகு மேலே எண்ணெய் டப்பாவைத் திறந்து, விரல் விட்டு மோந்து பார்த்து, இன்னாக்கா, இதுல மெஷின் எண்ணெய் ஊத்தினது யாரு என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். ஆள் நிறைந்த கேஜ் கூண்டையே சுரங்கத்தில் இறக்கி ஏற்றுகிற மெஷினுக்கு ஊற்றும் எண்ணெய், இந்தக் காருக்குப் போதாதா என்று நீங்கள் பெருமையடித்ததையும் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. மச்சான் கையில தினம் எத்தினி பேரு உசுரு எறங்கி ஏறுது, அவரு நம்புன எண்ணெயைத்தானே ஊத்துவாரு என்றார்.

அந்த எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊதிப்போகுமாம். கழற்றிக் காட்டினார், ஊறின கொண்டைக்கடலை போல உப்பிக் கிடந்தது. பழைய எண்ணெயைச் சொட்டு விடாமல் வடித்து, குழாயை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, மேலும் கீழும் புது ரப்பர் மாற்றி, கிளட்சுக்கென்று உள்ள எண்ணெயை ஊற்றினார்.

கடைசியில் குழாயில் நின்ற காற்றை வெளியேற்ற வேண்டுமாம். நான் பெடலை மிதிக்க, அவர் அடியில் திருகைத் திறந்து மூட வேண்டும். அவர் கத்துவது என் காதில் விழவே இல்லை. ராணிதான், சுரங்கத்துல கேஜ் மணி அடிக்கற மாதிரி தட்டுங்க, ரெண்டு தட்டினா எறக்கம், ஒண்ணு தட்டினா ஏத்தம் என்றாள். உங்கள் வீட்டுப் பெண் ஆயிற்றே! அவர் ஸ்பேனரால் தட்டத் தட்ட நானும் உங்களைப் போலக் கேஜ் ஓட்டினேன். குழாயில் குமிழி வருவது நின்று, பெடல் கெட்டியாக என் காலைத் தாங்கியதும் அழுகையே வந்துவிட்டது.

அந்தத் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை மாமா. சாப்பிடக் கூப்பிட்டேன். மச்சான் கூப்பிட்டா வந்து சாப்புடறேன்க்கா என்று வாசலிலேயே கை கழுவிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காரை ஓட்டி வருவது அவர்தான். நானும் ராணியும் பின் சீட்டில் இருப்போம். வெயில், தூசி என்று சாக்குச் சொல்லி எங்களோடு ஏறிவிடாதீர்கள். முன்னால், அவர் பக்கத்தில் உட்காருங்கள். வழியெல்லாம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, வாசலில் இறங்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கும் ராணிக்கும் சேர்த்தே அரிசி களைந்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

உங்கள்
ரத்தினம்மா