திறந்த பாட்டிலின் மிச்சம்

ஜூன் 8, 2025. ஞாயிறு. விருதுநகர்.

வெயில் நூற்றி நான்கு. மகள் எழில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இரண்டு பாட்டில்களில் ஒன்றை இன்று திறந்தேன். ஸ்காட்லாந்துச் சிங்கிள் மால்ட் விஸ்கி. அவள் எனக்கென்று வாங்குவதில் தப்பாமல் அமைவது இது ஒன்றுதான். சட்டை வாங்கினால் தோள் இறங்கிவிடும்.

ஒரு பெக், நாலு சொட்டுத் தண்ணீர். முதலில் நனைந்த கட்டையின் வாசம், பிறகு வறுத்த கொப்பரை, விழுங்கிய பின் நாக்கின் ஓரத்தில் உலர்திராட்சை. எனக்கு வாரம் ஒன்று போதும். பாட்டில் தீபாவளி தாண்டி வரும் என்று நினைத்திருந்தேன்.

வரவில்லை. இன்றே தீர்ந்துவிட்டது.

மத்தியானம் பாண்டிராஜ் வந்தார். தங்கை செல்வலட்சுமியின் கணவர். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். மருந்து கலக்கும் அறை அவர் பொறுப்பு. ஊற்றிக் கொடுத்தேன். மெதுவாக ரசித்துக் குடித்தார். நான் மூடியைப் பொருத்தப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெறந்தத மிச்சம் வைக்கக் கூடாது மச்சான்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும். மிஞ்சினால் அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ராத்திரி தங்கினால் காற்றின் ஈரத்தைக் குடித்து உள்ளுக்குள் சூடேறும். மறுநாள் காலையில் அதில் கை வைக்கிறவனுக்குக் கை இருக்காது. இருபது வயதிலிருந்து பழகியது. சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, பாட்டில் எல்லாவற்றுக்கும் அவருக்கு அதே சட்டம்தான்.

சாயங்காலம் என் மனைவி கற்பகம்தான் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். "நாளைக்குக் காலைல இவுக அங்கன போயி நிக்கணுமே" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஜூன் 9. திங்கள்.

காலையில் செல்வலட்சுமிக்குப் போன் செய்தேன். வேலைக்குப் போய்விட்டாராம். ஏன் கேட்கிறீக என்றாள். சும்மாதான் என்றேன்.

ஜூன் 23. திங்கள்.

சிவகாசிக்கு ஒரு செய்தி சேகரிக்கப் போகும் வழியில் விடிந்ததும் ஆமத்தூரில் இறங்கினேன். பாண்டிராஜ் காபி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வட்டாவில் வைக்கும்போது கடகடவென்று சத்தம். ஒரு முறை அல்ல. வைத்து, எடுத்து, வைத்து. அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காதது போல் இருந்தார்.

அவர் கிளம்பிய பிறகு செல்வலட்சுமி சொன்னாள். சம்பளம் வாங்கும் சனிக்கிழமைக்கு மறுநாள் ஒரு ஃபுல் பாட்டில். முன்பு மூன்று பேர் சேர்ந்து குடிப்பார்கள். ஒருவர் திருப்பூருக்குப் போய்விட்டார், இன்னொருவர் மாலை போட்டவர் அப்படியே விட்டுவிட்டார். ஆள் குறைந்தது, பாட்டில் குறையவில்லை. சின்னப் பாட்டில் வாங்கலாமே என்று இவள் கேட்டிருக்கிறாள். நல்ல சரக்கு அதில் வராதாம்.

நல்ல சரக்கு. அந்தச் சொல் என் வீட்டிலிருந்து போனது.

ஜூன் 25. புதன்.

யாரிடம் சொல்வது? பட்டாசுக் கம்பெனி முதலாளி நவநீதகிருஷ்ணனை எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும், பாண்டிராஜை அன்றைக்கே நிறுத்திவிடுவார். இந்த வட்டாரத்தில் கை நடுங்கும் ஃபோர்மேன் என்று பேர் வந்தால் வேறு கம்பெனி எடுக்காது. சொல்லாமல் இருந்தால்? நான் அனுப்பிய விபத்துச் செய்திகளில் முக்கால்வாசி "காலையில் தொழிலாளர்கள் பணியைத் தொடங்கியபோது" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த வரிக்கு அடியில் என் தங்கை வீட்டுக்காரர் பேரை எழுதிப் பார்க்கிறேன். பக்கத்து அறையில் திரி வைக்கும் பெண்களின் பேர் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் பேர் இருக்கும்.

குடிக்காதே என்றால் கேட்க மாட்டார். மிச்சம் வைக்கலாம் என்று நம்பவைத்தால்?

ஜூலை 6. ஞாயிறு.

இரண்டாவது பாட்டிலை அவர் முன்னாலேயே திறந்தேன். ஆளுக்கு ஒன்று குடித்த பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விஸ்கியைக் கெடுப்பது காற்றும் வெயிலும்தான். பாட்டில் நிறைய இருந்தால் திறந்த பிறகும் ஓரிரு வருஷம் தாங்கும். பாதி என்றால் சில மாதம். அடியில் கொஞ்சம் கிடந்தால் சீக்கிரமே வாசம் போய்விடும். எப்படியானாலும் அது விஷமாகாது. நிமிர்த்தி, இருட்டில், இறுக்கமாக மூடி வைத்தால் சரி.

"நீங்க படிச்சதச் சொல்றீக. நான் பாத்ததச் சொல்றேன்" என்றார்.

பார்த்தே முடிவு செய்வோம் என்றேன். மருந்துக்கடையிலிருந்து அறுபது மில்லி பிடிக்கும் கண்ணாடிப் பாட்டில்கள் ஒரு டஜன் வாங்கி வைத்திருந்தேன். கற்பகம் வென்னீரில் போட்டு எடுத்திருந்தாள். இரண்டில் கழுத்துவரை ஊற்றி மூடினேன். ஒரு பழைய பாட்டிலில் அதே விஸ்கியை அடியில் மட்டும் கிடக்கும்படி ஊற்றினேன். எல்லாம் பீரோவுக்குள். மீதியும் அதே பீரோவில். ஆடி முடிந்ததும் மூக்கும் நாக்கும் சொல்லட்டும்.

மீதி பாட்டிலை நான் உள்ளே வைத்துப் பூட்டும்வரை பாண்டிராஜ் உட்காரவில்லை. போகும்போது பீரோவைத் திரும்பிப் பார்த்தார். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கிறவர் மாதிரி.

ஜூலை 14. திங்கள்.

போன் செய்தேன். போய்விட்டாராம். நேற்று அவர் வீட்டுப் பாட்டில் முழுசும் காலி.

ஆகஸ்ட் 15. வெள்ளி.

ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கூட்டம். மொட்டை, தீச்சட்டி, ஆற்று மணலில் கால் வைக்க இடமில்லை. பாண்டிராஜ் செல்வலட்சுமியோடு வந்திருந்தார். சுதந்திர தினம், கடையும் இல்லை. தெளிவாக இருந்தார். "ஞாயித்துக்கிழம பரீச்சை" என்றார்.

ஆகஸ்ட் 17. ஞாயிறு.

கற்பகம் உள்ளே போய் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றிக்கொண்டு வந்தாள். எது எதில் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. மூக்கை உள்ளே விடாதீக, விளிம்பில் வைத்து வாயை லேசாகத் திறந்துகொண்டு முகருங்க என்று அவருக்குச் சொன்னேன்.

பாண்டிராஜ் நேரம் எடுத்துக்கொண்டார். முதல் டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டாவதை முகர்ந்துவிட்டு மறுபடி முதலுக்கு வந்தார்.

"இது கெட்டுப்போகல. சோந்து போயிருக்கு, அம்புட்டுத்தான்."

சரியாகச் சொன்னார். அடியில் கிடந்தது அதுதான். கட்டை வாசம் இருந்தது, திராட்சை போய்விட்டது. கழுத்துவரை ஊற்றியது ஜூலையில் குடித்தது போலவே இருந்தது. இரண்டுமே கொதிக்கவுமில்லை, வெடிக்கவுமில்லை என்றேன். சிரித்தார். பிறகு பெரிய பாட்டிலிலிருந்து ஒரு பெக் ஊற்றிக்கொண்டு அவரே மூடியை வைத்து அழுத்தினார். மறுபடி ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

ஆகஸ்ட் 25. திங்கள்.

நேற்று அவர் வீட்டில் பாதி பாட்டில் அலமாரியில் நின்றதாம். காலையில் வட்டாவில் சத்தம் இல்லையாம். செல்வலட்சுமி போனில் அழுதாள்.

செப்டம்பர் 21. ஞாயிறு.

சீசன் சூடுபிடித்துவிட்டது. சாத்தூர் ரோடு முழுக்க லோடு லாரிகள். பாண்டிராஜ் இப்போது ஒரு பெக், சில நாள் இரண்டு. "மச்சான் சொன்னது வாஸ்தவம்தான்" என்று என் எதிரிலேயே இன்னொருவரிடம் சொன்னார். பெருமையாக இருந்தது. அப்படியும் திங்கட்கிழமை காலைகளில் கை போனைத் தேடுவது நிற்கவில்லை. ஏன்?

அக்டோபர் 5. ஞாயிறு. இரவு.

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

நாலு மணிக்கு வந்தார். ஒன்று குடித்தார், மூடினார். நேற்றுச் சாயங்கால மழையைப் பற்றிப் பேச்சு வந்தது. மருந்து கொளுத்தும் குழியில் தண்ணீர் நின்றுவிட்டதாம். கலந்ததில் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. ஆர்டர் கிடக்கிறது, வீணாக்காதீக என்று முதலாளியும் சொல்லியிருக்கிறார்.

"என்ன செஞ்சீக?"

"டப்பாவ இறுக்கமா மூடி வச்சிட்டு வந்துட்டேன். திங்கக்கெழம மொத வேலையா அத எடுத்துரலாம். நீங்கதான மச்சான் சொன்னீக, நல்லா மூடி வச்சா ஒண்ணும் ஆகாதுன்னு."

நிம்மதியாகச் சொன்னார். அதுதான் என்னை உலுக்கியது. ஜூன் மாதம் என் கையைப் பிடித்துத் தடுத்த மனுஷன்.

"அது விஸ்கி, மாப்ள."

டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வாசலுக்கு நடந்தார். என் வண்டியில் போனோம். ஆமத்தூர் தாண்டும்வரை வானத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். எந்த நிமிஷமும் புகை தெரியும் என்று.

தெரியவில்லை. வாட்ச்மேன் வேலுச்சாமி கேட்டைத் திறந்தார். என்னை வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டுப் பாண்டிராஜ் மட்டும் அறைப் பக்கம் போனார். கம்பிவலை ஜன்னலுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டார். காற்று அங்கிருந்து இவர் பக்கம் வந்துகொண்டிருந்தது. தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்ந்தார். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

திரும்பி நடந்து வந்தார். ஓடவில்லை.

"மூத்திர வாட வருது மச்சான். சூடேறிருச்சு. வேலுச்சாமி, கேட்டுக்கு வெளிய வாலே."

அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் ஈரத்தில் சேர்ந்தால் அந்த வாடை வரும் என்பது எனக்கும் தெரியும். எழுதியிருக்கிறேன். முகர்ந்ததில்லை.

அவரே முதலாளிக்குப் போன் போட்டார். காலையில் பார்க்கலாமே என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்குக் கேட்டது. "காலைல பாக்க அறை இருக்காது முதலாளி" என்றார் பாண்டிராஜ். தீயணைப்பு வண்டிக்கு நான் சொன்னேன். தூரத்தில் நின்று ஜன்னல் வழியாக இருட்டும்வரை தண்ணீர் அடித்தார்கள். நடுவில் ஒரு முறை வெள்ளையாக ஆவி வந்தது. எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். பிறகு அடங்கியது.

நாளை காலை பக்கத்து அறைகளில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

அக்டோபர் 6. திங்கள்.

செய்தி எழுதினேன். நான்கு வரி. மிஞ்சிய மருந்து இரவு வைக்கப்பட்டதால் சூடேறியது, ஃபோர்மேன் தகவலின் பேரில் அணைக்கப்பட்டது, யாருக்கும் காயமில்லை. எழுத வேண்டாம் என்று நவநீதகிருஷ்ணன் கேட்டுக்கொண்டார். எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். ஃபோர்மேன் என் தங்கை கணவர் என்பதை ஆபீசில் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விசாரணையில் பாண்டிராஜ் தான் வைத்ததைத் தானே சொல்லியிருக்கிறார். நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரைக் கலவை அறையிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள்.

விஸ்கிக்கு நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதை யாரிடம் சொல்கிறேன் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

அக்டோபர் 12. ஞாயிறு.

செல்வலட்சுமி போன். அலமாரியில் இருந்த பாதியையும் ஒரே இருப்பில் முடித்துவிட்டாராம். இனி எதையும் மிச்சம் வைப்பதில்லை என்றாராம்.

அக்டோபர் 20. தீபாவளி.

ஊரெல்லாம் சத்தம். பாண்டிராஜ் வீட்டில் ஒரு ஃபுல்.

அக்டோபர் 30. வியாழன்.

நவநீதகிருஷ்ணன் கூப்பிட்டார். தீபாவளி ஓய்வு முடிந்து நவம்பர் பத்தாம் தேதி பூஜை போட்டுக் கம்பெனி திறக்கிறார்கள். "தப்பத் தானே ஒத்துக்கிட்ட ஆளு. அந்த அறைக்கு எனக்கு அவருதான் வேணும்" என்றார். பாண்டிராஜின் கை பற்றி நான் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். ஒன்பதாம் தேதி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். இந்த முறை சொல்லாமல் விடமாட்டேன்.

நவம்பர் 9. ஞாயிறு.

பெரிய பாட்டிலில் பாதி இருந்தது; அவர் வராத ஞாயிறுகளில் நான் அதைத் தொடவில்லை. காலையில் அதை முழுசும் சின்னப் பாட்டில்களில் கழுத்துவரை ஊற்றி மூடினேன். ஆறு நிறைந்தது. ஜூலையில் நிரப்பியதில் மீந்த ஒன்றையும் சேர்த்து மேசையில் ஏழு. விஸ்கிக்கும் அதுதான் நல்லது, காற்றுக்கு இடமில்லை. பெரிய பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன்.

பாண்டிராஜ் மத்தியானம் வந்தார். மேசையைப் பார்த்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"தெறந்தா இது ஒரு ஆளுக்குத்தான காணும்?"

"ஆமா."

"மிஞ்சாது?"

"மிஞ்சாது மாப்ள."

திறந்தார். டம்ளரில் ஊற்றிவிட்டுப் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினார். விளிம்பில் முகர்ந்தார். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார். வெயில் வாசற்படியிலிருந்து இறங்கும்வரை வைத்துக் குடித்தார். பிறகு எழுந்து போய்ச் சின்னப் பாட்டிலைத் தானே கழுவி வந்து பெரியதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஆறு நின்றன. அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அடுத்தது?"

"அது தெறக்கலையே மச்சான்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, நாளைக்கு வெள்ளன போகணும் என்று கிளம்பிவிட்டார்.

நவம்பர் 10. திங்கள்.

செல்வலட்சுமிக்கு நான் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. நவநீதகிருஷ்ணனிடம் சொல்ல வேண்டியதும் வரவில்லை. காபி ஆறுவதற்குள் குடித்தேன்.