ஒரு ஷீட்டு போதும் என்றாய்

என் விஜி அக்காவுக்கு,

பசுமைக்குடிலுக்கு மேலே இப்போது ஒரே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டுதான் இருக்கிறது. நீ கேட்டபடியே. இரண்டு பக்கத்துத் திரையையும் கைப்பிடியைச் சுற்றினால் சுருட்டி மேலே ஏற்றிவிடலாம். அமிர்திக் காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று உள்ளே நுழைந்து, குடைமிளகாய்ச் செடிகளை ஆட்டிவிட்டு மறுபக்கம் போகிறது. இதை உனக்குச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வாயெல்லாம் கசக்கிறது அக்கா.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

ஆம்பூர் தோல் பேக்டரியில் ஆர்டர் குறைந்து, சூப்பர்வைசராக இருந்த உன் வீட்டுக்காரரை, மாமாவை, வீட்டுக்கு அனுப்பியபோது நீ அழவில்லை. ஷூ கம்பெனியில் உன் செக்கிங் வேலையையும் விட்டுவிட்டு, ஒடுகத்தூரில் இருந்த மாமாவின் நிலத்துக்கு அவரோடு கிளம்பிவிட்டாய். "வேர்க்கடலை போட்ட நிலம்தான், குடில் கட்டி குடைமிளகாய் போடலாம்" என்றாய். தாவரவியல் படித்துவிட்டு இத்தனை வருஷம் ஷூவில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கு இப்போதும் அந்த முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

பிளாஸ்டிக் ஷீட்டு விற்கிறவர் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். ஒரு ஷீட்டு போடலாம், இல்லையென்றால் இரண்டு ஷீட்டு போட்டு நடுவில் சின்ன மோட்டாரால் காற்றை அடைக்கலாம் என்றார். "ரெண்டு லேயர்னா குளிரும் உள்ள வராது, வெயிலும் உள்ள வராது சார்." மாமாவுக்கு அது பிடித்துவிட்டது. முந்தைய மார்கழியில் மலையிலிருந்து இறங்கிய பனியில் உங்கள் நாற்றெல்லாம் குன்றிப்போயிருந்தது. அந்தப் பயம் அவருக்கு. பயந்ததை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

நீ அந்த ஆள் கொடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாய். "இந்தக் குடில் மேல பனிக்கட்டி கெடக்குதே. நம்ம ஊர்ல எங்கங்க பனிக்கட்டி?"

"மேடம் நல்லா ஜோக் அடிக்கிறாங்க" என்றார் அவர். மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

நீ சிரிக்கவில்லை. "குளிரு ஒரு மாசம். வெயிலு எட்டு மாசம். ஒரு ஷீட்டு போதுங்க. பக்கத்துல சுருட்டி வுடுற மாதிரி வெச்சா சூடு தானா வெளிய போய்டும். ரெண்டு ஷீட்டு போட்டு நாலு பக்கமும் மூடிட்டா மோட்டாரையும் ஃபேனையும் நம்பித்தான் இருக்கணும். கரண்ட்டு போனா இன்னா பண்றது?"

"நீ ஷூ செக் பண்ணவ. இதெல்லாம் டெக்னிக்கலு" என்றார் மாமா.

அந்த ஆள் எதிரில் அப்படிச் சொன்னார். அவர் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தார்? தோலுக்குச் சாயம் ஏற்றுகிறவர்களை மேய்த்துக்கொண்டிருந்தார். அது மட்டும் எந்த விதத்தில் டெக்னிக்கல்? நீ உள்ளே போய் எல்லாருக்கும் டீ போட்டாய்.

இரண்டு ஷீட்டுதான் போட்டார்கள். மார்கழியில் செடி நன்றாகத்தான் வந்தது. மாமா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டினார். மாசி கடந்ததும் நீ போனில் சொன்னாய், "உள்ள போனா அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குது கலா. பூவெல்லாம் கொட்டுது. சொன்னா பேஜார் பண்றேன்றாரு." அப்புறம் நீ அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாய். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் நிறுத்தினாயா? இல்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாயா?

அக்னி நட்சத்திரத்தில் ஒரு பகல். கரண்ட்டு போய்விட்டது. ஃபேன் நின்றது, மோட்டார் நின்றது, காற்று இறங்கி மேல் ஷீட்டு கீழ் ஷீட்டின் மேல் படுத்துவிட்டது. மாமா வேலூருக்கு, லாங் பஜாரில் சாமான் வாங்கப் போயிருந்தார். செடியெல்லாம் தலை தொங்கியதைப் பார்த்து நீ உள்ளே போயிருக்கிறாய். சுருட்டிவிடத் திரை இல்லை. அதனால் அரிவாளை எடுத்துப் பக்கவாட்டு ஷீட்டைக் கிழித்திருக்கிறாய், செடிக்குக் காற்று வரட்டும் என்று. ஒரு பக்கம் முழுக்கக் கிழித்துவிட்டு மறுபக்கம் பாதியில் விழுந்திருக்கிறாய். களை எடுக்க வந்த கன்னியம்மாதான் பார்த்துக் கத்தினாளாம். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உன் மூச்சு நின்றுவிட்டது. உடம்பில் சூடு ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

ஒரு ஷீட்டு போட்டிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. யாரும் சொல்ல மாட்டார்கள். நான்தான் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் மாமா குடிலைச் சுற்றிப் பார்த்தார். "எங்கெங்க கிழிச்சி வெச்சிருக்கா பாரு" என்றார். அவர் அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனாலும் சொன்னார். சொந்தக்காரர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னோடு கம்பெனியில் வேலை செய்த ஷாஹிதா மட்டும்தான் வாயைத் திறந்தாள். "அண்ணே, அவ ஒரு ஷீட்டு போதும்னு சொன்னாளே. எங்கிட்டயே எத்தினி வாட்டி சொல்லியிருக்கா. நீங்க கேட்டீங்களா?" அதற்காக அவளை வெளியே அழைத்துப்போய்ச் சமாதானம் சொன்னார்கள். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்றார்கள். வேறு எந்த வீட்டில் பேசுவது?

மழைக்கு முன்னால் மாமா இரண்டு ஷீட்டையும் இறக்கிவிட்டு, புதிதாக ஒன்று போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் மகள் பவித்ராதான் சொன்னாள்.

போன மாதம் நான் போனபோது, குடிலைப் பார்க்க நாலைந்து விவசாயிகள் வந்திருந்தார்கள். ஒருவர், "ரெண்டு ஷீட்டு போட்டா நல்லதுன்றாங்களே?" என்று கேட்டார்.

"அதெல்லாம் குளிர் ஊருக்குங்க" என்றார் மாமா. "நம்ம ஊர்ல வெயிலுதான் ஜாஸ்தி. ஒரு ஷீட்டு போதும். பக்கத்துல சுருட்டி வுட்டா சூடு தானா வெளிய போய்டும். அனுபவத்துல சொல்றேன்."

அத்தனையும் உன் வார்த்தைகள் அக்கா. ஒன்றுகூடக் குறையவில்லை.

"யாரோட அனுபவம் மாமா?" என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். என்னால் நிறுத்த முடியவில்லை. வந்தவர்களிடம் சொன்னேன், "இது எங்க அக்கா சொன்னதுங்க. அவ பேச்சைக் கேக்காம ரெண்டு ஷீட்டு போட்டாங்க. கரண்ட்டு போன அன்னிக்கி இதே எடத்துல விழுந்து செத்துட்டா. ஊருக்குப் போய்ச் சொல்றப்ப அதையும் சேத்துச் சொல்லுங்க."

கேள்வி கேட்டவர் தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர்கள் போன பிறகு மாமா என் பக்கம் வந்தார்.

"யார் சொன்னா இன்னா கலா? இப்ப சரியாத்தானே போட்டிருக்கேன்."

"நீ சொன்னதுதான் சரின்னு அவகிட்ட ஒரு நாளாவது சொன்னீங்களா?"

அவர் திரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ இருந்தா என்னை மன்னிச்சிருப்பாளா?" என்று கேட்டார். இளைத்துப்போயிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. பவித்ரா சொல்கிறாள், தினமும் விடிந்ததும் வேறு யாரையும் தொட விடாமல் அவரே திரைகளைச் சுருட்டி ஏற்றுகிறாராம்.

"தெரியல மாமா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நம் சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போடுகிறார்கள். "போனது போச்சு. அவளுக்குப் பதிலா நீயாவது மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு, அவரும் மனுஷன்தானே" என்கிறார்கள். மனுஷன்தான். யார் இல்லை என்றார்கள்? நீயும் மனுஷிதான் என்பதை அன்று ஒருத்தராவது அவருக்குச் சொல்லியிருக்கலாமே?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒடுகத்தூருக்குப் போவேன். பவித்ராவுக்குத் துணையாக இருப்பேன். மாமா சாப்பிட்டாரா என்று கேட்பேன், காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். ஆனால் உன் சார்பில் அவரை மன்னிக்க மாட்டேன். நீ சொன்ன வார்த்தைகளை அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார். நீ சொல்லாமல் போன அந்த ஒரு வார்த்தையையும் எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமையில்லை.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள்,
கலா