மறுபக்கத்து நாடா

என்னங்க,

சர்க்கரை குறைந்ததா? எனக்கு ஒன்றுமில்லை, பெங்களூரு குளிர்தான் பழகவில்லை.

இங்கே நான் வீடியோவாகப் பதிவு செய்த கணினிப் பாடத்தில் ஒரு தவறு. கணினியை இயக்கும் மைய நிரலான கெர்னல் நொறுங்கினால், உள்ளே இருக்கும் பல பிராசசர்களில் ஒன்று பழுதைக் குறித்து வைக்கும், மற்றவை ஓடட்டும் என்றேன். ஒரு தறியில் இழை அறுந்தால் அடுத்த தறி ஓடுவதை உதாரணமாகச் சொன்னேன். ஆனால் பிராசசர்களுக்கெல்லாம் நினைவகம் ஒன்றுதான். மற்றவை ஓடினால் தடயம் அழிந்துவிடும். முதலில் அவற்றை நிறுத்த வேண்டும்.

லீவு நாட்களில் ஒரே தறியில், ஒரே பாவு நூலில், நாம் இருவரும் பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்து ஊடு நூல் நாடாவை மாற்றி மாற்றிப் போடும்போது கத்துவீர்களே, "டீச்சர், கையை எடு! போட்டுகினே இருந்தா அறுந்த இடத்த எப்டி கண்டுபிடிக்கிறது?" அதைச் சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மறுபதிவு. அதனால் உங்கள் கண் ஆபரேஷனுக்கு வேலூர் வர முடியவில்லை, வருத்தமாக இருக்கிறது. என் தங்கை சசிகலாவை அழைத்துப் போங்கள். என் பச்சை சால்வையை அனுப்புங்கள். கண் கட்டைப் பிரிக்கும்வரை தறியில் உட்காராதீர்கள். மறுபக்கம் நாடா போட நான் இல்லையே.

சாவித்திரி