கை ஒழியாத அம்மாயி

ஜூன் 3, செவ்வாய்

கத்திரி முடிந்துவிட்டதாம். யார் சொன்னது? பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்ற நேரத்திலேயே புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

லீவு கேட்டேன். கரெஸ்பாண்டென்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஸ்கூல் தொறந்த வாரத்துல லீவா டீச்சர்? யாரு, அம்மாவா அப்பாவா?" என்றார். அம்மாயி, அம்மாவைப் பெற்றவள் என்றேன். "ஓ, பாட்டிதானே." பாட்டிதானே! எழுந்து வந்துவிட்டேன். லீவு கிடைத்ததா என்று தெரியாது.

ஞாயிறு கருமாதி. காலையிலிருந்து மாமா போன். மாமா என்றால் அம்மாவின் தம்பி கலியபெருமாள். உடையார்பாளையம் வீட்டில் அம்மாயியைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவர். படத்திறப்பு ஃப்ளெக்ஸுக்கு நான்தான் வாசகம் எழுத வேண்டுமாம், தமிழ் டீச்சராம். உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். தனியாக லாரி ஏறி பண்ருட்டிக்கு முந்திரி கொண்டுபோனவர், கொள்ளிட வெள்ளத்துக்கு அஞ்சாதவர், இப்படி.

மாமா: "என்ன தேவி, போலீஸ் கேஸ் மாதிரி இருக்கு. அமைதியின் வடிவம், பொறுமையின் சிகரம், அப்புடிப் போடு."

அமைதியாம். அது ஒரு இடத்தில் உட்கார்ந்து சோறு தின்று நான் பார்த்ததில்லை.

ஜூன் 4, புதன்

பால் திரிந்துவிட்டது. கேஸ் புக் பண்ண வேண்டும். 8 பி வகுப்பில் பாதிப் பேருக்கு இன்னும் புத்தகம் வரவில்லை.

அம்மாயி கதைகளை ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று அம்மாவுக்குப் போன் போட்டேன். தப்பு.

கொள்ளிடம் கதை: தாத்தாவோடு சண்டை. ஆற்றில் தண்ணீர் ஏறிய நாள். திருமழபாடியில் பரிசல்காரர் மாட்டேன் என்று சொல்லியும் கேட்காமல், கைக்குழந்தையோடு ஏறி, அக்கரையில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டது. அந்தக் கைக்குழந்தைதான் என் அம்மா. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குடி, தண்ணி செவசெவன்னு" என்கிறாள். தவழாத வயசு அப்போது! சொன்னால் கோபம் வருகிறது.

லாரி கதை: திரும்பி வரும்போது டிரைவருக்குக் குளிர் காய்ச்சல், அம்மாயியே ஓட்டி வந்தது. மாமாவைக் கேட்டால் கிளீனர் ஓட்டினான் என்கிறார். மாமா பெண்டாட்டி, எங்கள் அத்தை, லாரியே கிடையாது மாட்டுவண்டி என்கிறாள்.

சமயபுரம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிக் காசிக்குப் போனது. இதில் மட்டும் எல்லோரும் ஒரே பேச்சு. தேடி அலைந்தவர்கள் அல்லவா.

நான் கண்ணால் பார்த்தது மொபெட் மட்டும். பேரன் பேத்தி எடுத்த பிறகு வாங்கி, தானே ஓட்டக் கற்றுக்கொண்டது. ஜெயங்கொண்டம், அரியலூர், எங்கே வேண்டுமானாலும். ஒரு நாள் என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது, முன்னால் ஒரு பலாப்பழம். கிளம்பினால் வந்து சேர்ந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. போன் எடுக்காது. அத்தனை தடவை அடித்து ஓய்ந்து, சாயங்காலம் நான் கத்தினால், "கை ஒழியலடி" என்று ஒரே பதில். என்ன வேலை அப்படி, கை ஒழியாத வேலை? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இந்த வண்டி ஒனக்குத்தான். பஸ்ஸுக்கு நின்னு நின்னே கெழவியாயிடாத." எத்தனை தடவை சொல்லியிருக்கும். எனக்குச் சைக்கிளே ஒழுங்காக வராது. இருந்தாலும் அது எனக்குத்தான்.

ஜூன் 6, வெள்ளி

உடையார்பாளையம். பஸ்ஸில் அரியலூர் வரை நின்றபடி.

ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன். அம்மாயிக்கு நல்ல போட்டோ ஒன்றே ஒன்றுதான், மொபெட்டில் உட்கார்ந்திருக்க நான் எடுத்தது. "வண்டி வேணாம், வண்டிய எடுத்துடு" என்று மாமா கடையில் சொல்லியிருக்கிறார். அவர்களும் எடுத்துவிட்டார்கள். வண்டியை மட்டும். கீழே தாமரை, பக்கத்துக்கொரு குத்துவிளக்கு, நடுவே மேகத்தில் அம்மாயி முன்னால் சாய்ந்து இரண்டு கையையும் நீட்டி ஒன்றுமில்லாததை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே "பொறுமையின் சிகரம்".

"ஆசீர்வாதம் பண்ற மாதிரிதானே இருக்கு" என்கிறார் மாமா. ஆசீர்வாதத்துக்கு யார் ஆக்ஸிலேட்டர் முறுக்குவார்கள்? எதிர் வீட்டுப் பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "மேல போயும் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கு" என்று போனார்.

கொட்டகையில் வண்டி இல்லை. கேட்டேன். "சர்வீஸுக்கு விட்ருக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூன் 8, ஞாயிறு

கருமாதி. வெயில் மண்டையைப் பிளந்தது.

படையல் போட்டு, காக்காய்க்கு இலை வைத்தாயிற்று. காக்காய் வரவில்லை. வேப்பமரத்தில் ஒன்று உட்கார்ந்து எங்களைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தது. பந்தியில் ஜனம் காத்திருக்கிறது. அம்மாயிக்கு ஏதோ குறை என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஆளுக்கு ஆள் வாக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

மாமா: "அம்மா, முந்திரிக் கொல்லையை யாருக்கும் விக்க மாட்டேன், வந்து எடுத்துக்கம்மா."

அம்மா: "தம்பியோட சண்ட போட மாட்டேம்மா."

காக்காய் இறக்கையைக் கோதியது. அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. "வண்டியத் தூக்கி எடைக்குப் போட்டீங்கல்ல, அதான் அத்தை எறங்க மாட்டேங்குது."

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். "சர்வீஸ்னு சொன்னீங்களே மாமா" என்றேன். மாமா மரத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "கொண்டாந்துர்றேம்மா. தேவிகிட்டயே குடுத்துர்றேன்."

வந்தது. வடையைக் கவ்விக்கொண்டு போனது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பந்திக்கு ஓடினார்கள். நான் போகவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன். கோபத்தில் அழுகிறேன் என்றுதான் நினைத்தேன். அம்மாயி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜூன் 9, திங்கள்

வண்டி எப்போது வரும் என்று கேட்டேன். மாமா சொன்ன பதில், அப்படியே:

"அது அம்மாகிட்ட சொன்னது தேவி. அம்மாதான் சாப்ட்டுட்டுப் போயிடுச்சே."

இந்த மனுஷரை என்ன செய்வது.

ஜூன் 10, செவ்வாய்

அரை நாள் லீவு, சம்பளம் பிடிப்பார்களாம். பிடிக்கட்டும். அத்தையிடம் கடை அடையாளம் வாங்கிக்கொண்டு அரியலூர் போனேன். பழைய இரும்புக் கடை. சைக்கிள் சக்கரம், பம்புசெட்டு, கட்டில் கால். நல்லவேளை, வண்டியைப் பிரிக்கவில்லை. கடைக்காரர் அதில்தான் டீக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்.

"நல்ல வண்டிம்மா. யாரு ஓட்டுனது?"

"எங்க அம்மாயி."

சிரித்தார். நம்பவில்லை. வாங்கின விலைக்கே கொடுத்தார். "ஓட்டிட்டுப் போயிடுவீங்கள்ல?" என்றார். போயிடுவேன் என்று தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அவர் கண் மறைந்ததும் ஒரு குட்டியானை லோடு வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தேன். சீட்டுக்கு அடியில் அம்மாயியின் வெற்றிலைப் பை, காய்ந்துபோன வெற்றிலையோடு.

வாசலில் வண்டியைப் பார்த்து என் வீட்டுக்காரர் செந்தில் கேட்டது: "யாரு ஓட்டப் போறா?"

ஜூன் 12, வியாழன்

மாமா வந்தார். திட்ட வேண்டியதையெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். வண்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். தொடவில்லை.

"பொழுது எறங்குனா இந்தச் சத்தம் வருதான்னு வாசல்லயே ஒக்காந்திருப்பேன் தேவி. கேட்டாத்தான் எனக்குச் சோறு. போன் எடுக்காது, எங்க போறேன்னு சொல்லாது. அது போயிச் சேந்த பின்னாடியும் காது அங்கயே கெடக்கு. சும்மா நிக்கிற வண்டியப் பாக்க முடியல. போட்டுட்டேன்."

காபி போட்டேன். சர்க்கரை போட மறந்தேன். அவரும் சொல்லாமல் குடித்தார்.

கிளம்பும்போது, "நீயாச்சும் ஒழுங்கா போன எடு" என்றார். சரி மாமா என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பஸ் வரும் வரை டயருக்குக் காற்று, இன்ஜினுக்கு ஆயில் என்று ஒரே பாடம். அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

எல்.எல்.ஆர்., அதுதான் ஓட்டிப் பழகும் லைசென்ஸ், வந்தாயிற்று. காற்று. மண் பறக்கிறது. காலையில் கிரவுண்டில் செந்தில் பிடித்துக்கொள்ள நாலு சுற்று. ஒரு தடவை விழுந்தேன், முட்டி போச்சு. அம்மாயி ஒரு கதையிலாவது விழுந்ததாகச் சொன்னதா? இல்லை.

சாயங்காலம் தனியாக அரியலூர் ரோடு. சிமெண்ட் லாரி ஒவ்வொன்றும் பக்கத்தில் போகும்போது சமயபுரத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டேன். தோள்பையில் போன் அடிக்கிறது. நிற்கிறது. அடிக்கிறது. ஓரம் கட்டி எடுக்கலாம். ஆனால் நிறுத்தினால் மறுபடி கிளப்பத் தெரியாது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தபடி அந்த ஃப்ளெக்ஸ் அம்மாயி மாதிரியே போய்க்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனையும் மாமா. கூப்பிட்டேன்.

"எத்தினி தடவ அடிக்கிறது! ஏன் எடுக்கல? இங்க உசுரு போயி உசுரு வருது!"

"கை ஒழியல மாமா."

அந்தப் பக்கம் மாமா அத்தையிடம், "சரி, சோறு போடு" என்பது கேட்டது.