சரியாகத்தான் சொன்னேன்

மே 5, திங்கள்
அக்னி வெயில். ஒரகடம் ரூமில் ஃபேன் சுடுகாற்றைத்தான் தள்ளுகிறது. ஜெர்மனியிலிருந்து மெயில். ஆசிரியர் பரிமாற்றம், மூன்று மாதம், மெக்கானிக்கல் துறையிலிருந்து என் பெயர். காலேஜ் பஸ்ஸில் காதில் ஹெட்போனோடு ஜெர்மன் மொழி படித்தது வீண் போகவில்லை. இனி காலேஜின் தடையில்லாச் சான்று மட்டும் பாக்கி.

எச்.ஓ.டி.யிடம் கேட்டேன். "அட்மிஷன் டைம்ல இன்னா மேடம் ஜெர்மனி? மொதல்ல சீட்டு ரொம்பட்டும்."

சீட்டை நிரப்புவதும் எங்கள் வேலைதான். மே மாதம் பூராவும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும்.

வாங்க வேண்டியவை: தொப்பி, ஓ.ஆர்.எஸ்., சோப்பு.

மே 7, புதன்
வல்லக்கோட்டைப் பக்கம் கன்வாசிங். ரூம்மேட் செல்வியும் கூட. அவளும் எங்கள் துறைதான், தூத்துக்குடிக்காரி. ஒரு வீட்டில் மோர், அடுத்த வீட்டில் நாய். நாய் மேல் கோபமில்லை.

மே 9, வெள்ளி
ஜெர்மன் பேராசிரியர் வந்திருக்கிறார், ஒப்பந்தம் புதுப்பிக்க. மாலை போட்டு நேராக அட்மிஷன் பந்தலில் உட்கார வைத்துவிட்டார்கள். பெற்றோர் அவரோடு செல்ஃபி. மொழிபெயர்க்க நான்.

எச்.ஓ.டி. காதருகில்: "அவரு இன்னா சொன்னாலும் நீங்க 'எல்லாப் புள்ளைங்களும் ஜெர்மனி போலாம்'னு சொல்லிடுங்க. உங்க லெட்டர் டேபிள் மேல ரெடியா இருக்கு."

ஒரு அம்மா. செல்போன் கம்பெனி யூனிஃபார்ம், ஷிஃப்ட் முடித்து மகளோடு வந்தவர். "எம் பொண்ணு ஃபாரின் போவுமா சார்?"

ஜெர்மனில் கேட்டேன். வருடத்துக்கு இரண்டே மாணவர்கள், அதுவும் ஜெர்மன் தெரிந்தால்தான் என்றார்.

எச்.ஓ.டி. என்னையே பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள். பொய் வாயில் வரவில்லை.

"வருஷத்துக்கு ரெண்டு பேர்தாங்க. ஜெர்மன் தெரிஞ்சிருக்கணும்."

"இங்க சொல்லித் தர்றாங்களா?"

"இல்லீங்க."

"வா பாப்பா, யோசிச்சிக்கினு வரலாம்." அவர் எழுந்ததும் பின்னாலேயே இன்னும் சில நாற்காலிகள் காலி.

வருத்தம் இல்லை. இதை எழுதும்போதும் இல்லை.

மே 10, சனி
செல்வி திட்டித் தீர்த்தாள். "வாய மூடிக்கிட்டு இருந்தா இந்நேரம் பெட்டி கட்டியிருக்கலாம்லா? உனக்கு எதுக்குட்டி இந்த வேலை?"

போக ஆசைதான். நேற்று ஊறப்போட்ட துணி அப்படியே கிடந்து நாற்றம்.

மே 12, திங்கள்
பிரின்சிபால் அறை. எச்.ஓ.டி.யும் இருந்தார். மேஜையில் என் சான்று, கையெழுத்து மட்டும் போடவில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள்.

பிரின்சிபால் தன்மையாகத்தான் பேசினார். "ஜெர்மன் சரியாத் தெரியாது, தப்பா மொழிபெயர்த்துட்டேன்னு எழுதிக் குடுங்கம்மா. பேரன்ட்ஸுக்கு வாட்ஸாப்ல போட்டுடறோம். அப்புறம் தாராளமாப் போயிட்டு வாங்க."

எனக்கு ஜெர்மன் தெரியாதாம். தெரியாதவளை எப்படி ஜெர்மனிக்கு அனுப்புவார்கள் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"சரியாத்தான் சொன்னேன்னு வேணா எழுதித் தர்றேன் சார்."

எழுதினேன். ஜெர்மனில், முழுப் பக்கம், கீழே என் கையெழுத்து. சான்றைத் தொடாமல் வெளியே வந்துவிட்டேன்.

அதைப் படித்துச் சொல்ல அந்தக் காலேஜில் என்னைவிட்டால் ஆள் இல்லை.